ஒன்றேகால் இஞ்சுத் துளை

லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டேன். நடந்தது அவ்வளவுதான். என்னுடைய இந்த இரண்டு வருடப் பாடு முழுக்க அதிலிருந்து தொடங்கியது.

அன்றைக்கு முற்றத்தில் டெலஸ்கோப்பை நிறுத்தி, சனிக்கோளைக் கண்டுபிடித்து, நான் ஒருதடவை பார்த்தும் முடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு தூறல். லென்ஸில் தண்ணீர் பட்டுவிடக்கூடாதே என்று முன்பக்க மூடியைப் போட்டுவிட்டு வராந்தாவில் ஒதுங்கினேன். தூறல் நின்றதும், மூடி போட்டதை அடியோடு மறந்து, "இஞ்ச வா, வந்து பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பார்த்தாள்.

"கொள்ளாம். நல்ல வளையம். அழகா உண்டு."

அவள் நிமிர்ந்ததும் நான் குனிந்தேன். உள்ளே கும்மிருட்டு.

"நீ என்னத்தப் பாத்தே?"

"சனியத்தான்."

"எந்தச் சனிய?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் போய் மூடியைப் பிடுங்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். அவள் முதலில் முழித்தாள். அப்புறம் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தூணில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதுக்கு முன்ன பாத்ததெல்லாம்?" என்றேன்.

"எதையும் பாத்தது இல்ல," என்றாள். "எனக்க கண்ணாடியோட குனிஞ்சா அந்த இரும்புல போயி இடிக்கும். கழத்திட்டுப் பாத்தா எல்லாம் ஒரே மூடலாக்கும். விளக்கத் தண்ணிக்குள்ள போட்டது போல இருக்கும்."

"பின்ன என்னத்துக்கு தெரியுது தெரியுதுன்னு சொன்னே?"

"தெரியல்லன்னு சொன்னா நீங்க விடுவீங்களா? திருகித் திருகி, இப்ப தெரியுதா, இப்ப தெரியுதான்னு கேட்டுக் கேட்டு, கடைசியில மூஞ்சியத் தூக்கி வச்சிற்று உள்ள போவீங்க. அன்னைக்கு ராத்திரி சோறும் வேண்டாம்னு சொல்லுவீங்க. தெரியுதுன்னு ஒரு வாக்கு சொன்னா தீந்துபோச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கல்யாணமான புதிதிலிருந்து இந்த முற்றத்தில் நின்று நாங்கள் பார்த்த சனி எத்தனை! அவள் "அழகா உண்டு" என்று சொன்னதைக் கேட்டு எத்தனை நாள் நான் நிறைந்த மனதோடு தூங்கப் போயிருக்கிறேன்! அத்தனையும் நான் மட்டும் தனியாக நின்று பார்த்ததா? கூடவே நின்றவள் வெறும் மூடலைப் பார்த்துவிட்டு எனக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தாளா? இப்படி ஒரு ஏமாற்று உலகத்தில் எங்காவது உண்டா?

அந்த டெலஸ்கோப் என் அண்ணன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது. மலிவான சாமான். பெட்டியின் மேல் கலர் கலராக அண்டசராசரமே அச்சடித்திருக்கும்; உள்ளே குழலும் மூன்று ஆடுகிற கால்களும் இருக்கும். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் சொந்தக்காரர்கள் வந்தால் முற்றத்தில் வரிசையாக நின்று பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. குனிந்து பார்த்தவர் நிமிரும்போது "ஆகா" சொல்லவேண்டும். கல்யாண வீட்டில் பாயசத்தைக் குறை சொல்ல முடியுமா? அதே கணக்குத்தான். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த வரிசையில் எத்தனை பேர் நிஜமாகப் பார்த்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். மற்றவர்கள் எப்படியும் போகட்டும். இவள் ஒருத்தி, தன் கண்ணாடியைக் கழற்றாமல், அந்த வளையத்தை ஒரே ஒரு தடவை நிஜமாகப் பார்த்துவிட வேண்டும். அவள் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. எனக்குத்தான் அது வேண்டியிருந்தது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நாம் கண்ணை வைத்துப் பார்க்கிற சின்னக் குழலுக்கு ஐபீஸ் என்று பெயர். என் டெலஸ்கோப்போடு வந்த ஐபீஸில் மிளகு அளவுக்குத்தான் கண்ணாடி. கண்ணை அதில் ஒட்டிக்கொண்டு பார்த்தால்தான் உண்டு. மூக்குக்கண்ணாடி போட்டவளால் அவ்வளவு பக்கத்தில் போக முடியாது. வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். அவளுக்கு சிலிண்டர் பவர், கருவிழியின் வளைவே ஒருபக்கம் கோணல். அது திருகினால் தீராது. இப்போது வருகிற நல்ல ஐபீஸ்களில் சட்டைப் பொத்தானைவிடப் பெரிய கண்ணாடி உண்டு; ஒரு விரல்கடை தள்ளி நின்றே பார்க்கலாம். கண்ணாடிக்காரர்களுக்கென்றே செய்தது என்று விற்பனைப் படத்துக்குக் கீழே எழுதியும் இருந்தது. உடனே ஆன்லைனில் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீடு கேரளத்தில். பின்பக்க வேலியைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு. போனைத் திறந்தால் அதற்கே தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பது சந்தேகம். கொரியர்காரன் ஒருநாளும் வீடு தேடி வந்ததில்லை. "சேட்டா, உதியன்குளங்கரை ஜங்ஷன்ல நிக்கியேன், வந்து வாங்கிற்றுப் போங்க" என்பான். நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எனக்குக் கிளார்க் வேலை. அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஓடினேன். ஜங்ஷனிலேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். கனமாக, கறுப்பாக, கையில் வைத்தாலே ஒரு மதிப்பான பொருள். வீட்டுக்கு வந்து டெலஸ்கோப்பில் செருகினேன். போகவில்லை.

போகாது. என் பழைய டெலஸ்கோப்பின் துளை ஒரு இஞ்சுக்கும் குறைவு. இப்போதுள்ள நல்ல ஐபீஸ் எல்லாம் ஒன்றேகால் இஞ்சு. அந்தக் காலத்து மலிவு டெலஸ்கோப்புகளுக்கு மட்டும் இப்படி ஒரு பிச்சைக்காரத் துளையை எந்தப் புண்ணியவான் வைத்தானோ! அதை எவனாவது ஒரு வார்த்தை எழுதியிருக்கக்கூடாதா என்று கத்தினேன். எழுதித்தான் இருந்தான். நான்தான் படிக்கவில்லை.

"அதான் சேரல்லன்னா திருப்பி அனுப்புங்க," என்றாள் மனைவி.

"அனுப்பமாட்டேன். இதப் போட்டு நீ பாத்தே ஆகணும்."

"நான் கேட்டேனா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சின்னத் துளையில் பெரிய ஐபீஸை மாட்டுவதற்கு இடையில் போடுகிற ஒரு வளையம் விற்பதாகத் தெரிந்தது. அதையும் வரவழைத்தேன். மறுபடியும் ஜங்ஷன், மறுபடியும் லீவு. வந்தது நேர் எதிர்ச் சாதனம். பெரிய துளையில் சின்ன ஐபீஸைப் போடுகிற வளையம். படத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். திருப்பி அனுப்பி, மாற்றித் தரச் சொன்னேன். பத்துப் பதினைந்து நாளில் அடுத்த பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே நான் திருப்பியனுப்பிய அதே வளையம், நான் சுற்றி ஒட்டிய டேப்கூடக் கிழியாமல்! என்னிடமிருந்து புறப்பட்டு எங்கெங்கோ சுற்றிப்பார்த்துவிட்டு என்னிடமே வந்து சேர்ந்திருக்கிறது. ஜங்ஷன் பஸ் நிறுத்தத்தில் நின்று நான் திட்டிய திட்டில் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தள்ளிப்போய் நின்றார்கள்.

சரி, நம் ஊரில் இல்லாத லேத்தா என்று ஜங்ஷன் பக்கத்திலேயே ஒரு லேத்துக்காரரிடம் போனேன். பம்பு வேலையும், ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் வேலையுமாகக் காட்டாக்கடை வரைக்கும் அவருக்கு வாடிக்கை உண்டு. நான் ஐபீஸைக் கைக்குட்டையிலிருந்து பிரித்துக் காட்டினேன். அவர் எண்ணெய்க் கையை நீட்டினார். நான் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"இத இஞ்ச வச்சிற்றுப் போங்க சாரே. அளவு பாத்துச் செய்து தாறேன்."

வைப்பேனா? சுற்றிலும் இரும்புத்தூள். மேசையெல்லாம் கிரீஸ். அந்த இடத்தில் கண்ணாடிச் சாமானை வைத்துவிட்டுப் போனால் அப்புறம் அதை எடுத்து என்ன செய்ய? வைக்க முடியாது, ஒன்றேகால் இஞ்சுக் குழல் உள்ளே போகவேண்டும், இறுக்கமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் என்றேன். "மனசிலாச்சு, மனசிலாச்சு" என்றார். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் "நாளைக்கு வாங்க சாரே". அந்த நாளை வருவதற்குள் ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழை வந்து பாதி பெய்தும் முடிந்துவிட்டது.

கடைசியில் தந்தார். பித்தளையில் கடைந்து, தங்கம் மாதிரி மினுங்குகிற ஒரு சாமான். எனக்கே ஆசையாக இருந்தது. அங்கேயே நின்று ஐபீஸை உள்ளே விட்டேன். பெரியவர் செருப்பில் சின்னப்பிள்ளை கால் விட்டதுபோல் லொடலொடவென்று ஆடியது.

"என்ன வேய் இது?"

அவர் பதறவே இல்லை. மேசைக்கு அடியில் குனிந்து ஒரு துண்டு பி.வி.சி. பைப்பை எடுத்தார். அந்தப் பித்தளைக்குள் செருகி, வாயை வைத்து ஊதிக் காட்டினார்.

"பாத்தீங்களா? ஒன்றேகால் பைப்பு. கச்சிதமாக்கும். எந்தப் பம்புல வேணும்னாலும் போடுங்க, ஒரு துள்ளி வெள்ளம் ஒழுகாது."

"எனக்கு என்னத்துக்கு வேய் வெள்ளம்? எனக்கு வெளிச்சமாக்கும் வேண்டியது!"

"அத முன்னமே சொல்லாண்டாமா சாரே?"

இங்கே கடைசலுக்கு வருகிற எந்தக் குழலும் தண்ணீர்க் குழல்தான். ஒன்றேகால் என்று கடையில் விற்கிற பைப்பின் வெளிவிட்டம் ஒன்றேகாலைவிடப் பெரிது. அவர் கையில் கிடைத்த பைப்பை வைத்து அளந்து செய்திருக்கிறார். சாமானை நான் வைத்துவிட்டுப் போகாதபோது அவரும்தான் பின்னே எதை வைத்து அளப்பார்? "இப்பமாவது வச்சிற்றுப் போங்க" என்றார். அப்போதும் எனக்கு மனம் வரவில்லை. பித்தளையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது அது சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஸ்டாண்டாக இருக்கிறது.

பிறகு ஐப்பசியில் துலாவருஷ மழை. கள்ளிக்காட்டு மலைப்பக்கம் மத்தியானம் கறுக்கும். நான் ஆபீஸ் விட்டு பஸ் ஏறும்போது இடி. வீட்டுக்கு வந்து குடையை மடக்கும்போது கொட்டும். இது தினப்படி. மழையில்லாத நாளிலும் வானம் எங்கே இருக்கிறது இந்த ஊரில்? முற்றத்தைச் சுற்றித் தென்னை, அதற்கப்பால் ரப்பர். மொட்டைமாடிக்குப் போகலாம் என்றால், ஒழுகுகிறது என்று நானே காசு கொடுத்து அதன்மேல் தகர ஷீட் போட்டு வைத்திருக்கிறேன். டெலஸ்கோப் அக்குவேறு ஆணிவேறாகச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நாங்கள் மேசையின் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"நான் இனி சத்தியமா சொல்லுதேன்," என்றாள் மனைவி ஒருநாள், மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே. "எனக்கு அந்த வளையத்தப் பாக்க வேண்டாம். எனக்கு எனக்க மேச வேணும். அந்த வாஷ்பேசினுக்க அடியில ஒழுகுதே, அதையும் ஒருக்க பாருங்க. பக்கெட்டு வச்சு வச்சு எனக்க நடுவு ஒடிஞ்சுபோச்சு."

அது நியாயமான கோபம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாறசாலையில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போய், வாஷ்பேசினுக்கு அடியில் மாட்டுகிற பாட்டில் ட்ராப் கேட்டேன். வளைந்த குழலும் கீழே ஒரு குப்பியுமாக இருக்குமே, அதுதான். கடைக்காரர் எடுத்து மேசையில் வைத்தார். மேலே ஒரு திருகு வளையம், அதற்குள் ரப்பர். பைப்பை உள்ளே விட்டுத் திருகினால் ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நாட்களில் ஐபீஸ் எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும், பைத்தியம் முற்றிப்போயிருந்தது. எடுத்து உள்ளே விட்டுத் திருகினேன். பிடித்தது. தலைகீழாகக் கவிழ்த்தேன். விழவில்லை. ஆட்டினேன். அசையவில்லை.

"சாரே, இது வாஷ்பேசினு உள்ளதாணே," என்றார் கடைக்காரர், கொஞ்சம் பயந்த குரலில்.

"அறியாம், அறியாம்," என்று, தெரியும் என்பதை அவர் மலையாளத்திலேயே சொல்லி, காசைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். இன்னொன்றும் வாங்கவேண்டும் என்பது எனக்கு வீடு வரும்வரைக்கும் தோன்றவில்லை.

"பேசினுக்கு வாங்கின சாதனமா இது?" என்று கேட்டாள் மனைவி. "அப்ப பக்கெட்டு?"

"ரெண்டு நாள் இருக்கட்டும்."

அவள் சொன்ன பதிலை நான் இங்கே எழுதவில்லை.

டெலஸ்கோப்பின் பின்பக்கம் இருந்த சின்னத் துளைப் பகுதியைத் திருகிக் கழற்றினேன். பாட்டில் ட்ராப்பில் குப்பியை அறுத்துத் தள்ளிவிட்டு, நேரான குழலையும் திருகு வளையத்தையும் வைத்துக்கொண்டேன். கறுப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, பசை போட்டு ஒட்டி, உட்புறம் பளபளக்காமலிருக்கக் கரும்பலகைப் பெயிண்டு அடித்தேன். முன்பு வசதியாகக் குனிந்து பார்க்க, ஒளியை மேலே மடக்கித்தருகிற ஒரு கண்ணாடி முழங்கை இருந்தது. அதற்கு இனி இடமில்லை. நேராகத்தான் பார்க்கவேண்டும், அதுவும் தாழ உட்கார்ந்து. தேங்காய் துருவுகிற பலகை அதற்குச் சரியான உயரமாக இருந்தது. சாயங்காலம் தூரத்து செல்போன் டவரைப் பார்த்தேன். ஒவ்வொரு போல்ட்டும் தெரிந்தது. படிக்கும்போது போடுகிற என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருகிப் பார்த்தேன். அப்போதும் தெரிந்தது. மனைவி எட்டிப்பார்த்தாள், விடவில்லை. அவள் இதில் முதலில் பார்ப்பது சனியாகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

புத்தாண்டு கழிந்துதான் வானம் தெளிந்தது. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில், மேற்கே இரண்டு தென்னைகளுக்கு நடுவில் சனி நின்றது. ஆனால் பக்கத்தில் அண்ணன் வீட்டு மாமரத்தில், பெட்டி அளவுக்கு ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பச்சையும் சிவப்புமாக மாறி மாறிக் கண்ணைக் குத்தியது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் தொங்கவிடாத வீடு எந்த மதத்திலும் கிடையாது. இறக்குவதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை. மதில் பக்கம் போய் அண்ணன் மனைவியைக் கூப்பிட்டேன்.

"மயினி, அத கொஞ்சம் அணைக்கணும்."

"என்னத்துக்கு?"

"சனியப் பாக்க."

"நல்ல கதை! ஊருல உள்ளவனெல்லாம் சனி கண்ணுல படாம இருக்கக் கோயிலுக்குப் போறான். இஞ்ச ஏழரையத் தேடிப்பிடிச்சுப் பாக்கியாளா?" என்றார். ஆனாலும் அணைத்தார். அணைத்துவிட்டு உள்ளே போகாமல், என்னதான் நடக்கிறது என்று மதிலில் சாய்ந்து நின்றார்.

டெலஸ்கோப்பின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், குறிபார்க்கிற சின்னக் குழலால் சனியைப் பிடித்தேன். பெரிய குழலில் ஒரு மஞ்சள் பொட்டு மங்கலாக நடுவில் வந்ததும் கண்ணை எடுத்துவிட்டேன். மனைவியைப் பலகையில் உட்காரவைத்தேன். கண்ணாடியைக் கழற்றப் போனாள்.

"கழத்தாத. கண்ணாடியோட பாரு. இந்தக் குமிழ நீயே திருகு."

அவள் திருகினாள்.

"தெரியுதா?"

"பொறுங்க."

இன்னும் திருகினாள். பிறகு கையை எடுத்துவிட்டு அசையாமல் இருந்தாள்.

"ஒரு உருண்ட உண்டு. மஞ்சளா."

"வளையம்?"

"வளையம் இல்ல."

"நல்லாப் பாரு!"

"நல்லாத்தான் பாக்கேன். வளையம் ஒண்ணும் இல்ல. குறுக்க ஒரு கோடு உண்டு. நூலு மாதிரி. ரெண்டு பக்கமும் நீட்டிற்று நிக்குது."

எல்லாம் போயிற்று. குழல் கோணலாக ஒட்டியிருக்கிறது, அல்லது ரப்பர் இறுக்கி ஐபீஸ் சாய்ந்திருக்கிறது. பாழாய்ப்போன பாட்டில் ட்ராப்பை நம்பி இரண்டு வருடம்! நான் திருகு வளையத்தில் கைவைத்தேன். அவள் என் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"தொடாதீங்க! தெளிவா நிக்குது!"

"எழும்பு நீ," என்று அவளை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். மஞ்சளாக ஒரு உருண்டை. அதன் குறுக்கே, நூல்போல, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஒரு கோடு. அவள் சொன்னது அப்படியே. துல்லியமாக, வெட்டிவைத்தது போல் நின்றது. கோணலும் இல்லை, மூடலும் இல்லை.

போனை எடுத்துத் தேடினேன். பதினான்கு பதினைந்து வருடங்களுக்கு ஒருமுறை சனி தன் வளையத்தின் விளிம்பை நமக்கு நேராகத் திருப்பிக்கொள்ளுமாம். அப்போது வளையம் தெரியாது, காகிதத்தைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல் ஒரு கோடுதான். அது நடப்பது இப்போது. மறுபடி நன்றாக விரிய வருடங்கள் ஆகும். இவள் மூடலைப் பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் தட்டு மாதிரி விரித்துக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு, நான் ஆன்லைனிலும் லேத்திலும் மழையிலும் கிடந்து சாகிற நேரம் பார்த்து மெல்ல மடக்கிக்கொண்டிருக்கிறது! வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வானத்தைப் பார்த்துத் திட்டினேன். பிறகு அவளுக்கு விவரம் சொன்னேன்.

"அப்ப நான் சொன்னது சரியாக்கும்?" என்று கேட்டாள்.

"சரிதான்."

"கோடுதான் உண்டு?"

"கோடுதான்."

அவள் என் தோளைப் பிடித்துத் தள்ளி எழுப்பினாள். தானே பலகையில் உட்கார்ந்தாள். கண்ணாடியை மூக்கில் சரியாகத் தூக்கிவைத்துக்கொண்டு குனிந்தாள். பூமி சுற்றுகிறதில் சனி நகர்ந்து ஓரத்துக்குப் போயிருக்கவேண்டும். குழலைப் பைய ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடி நடுவில் கொண்டுவந்தாள். இப்படிச் செய்யலாம் என்று நான் சொல்லிக்கொடுக்கக்கூட இல்லை. கோபம் போகாமலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதிலில் நின்ற மயினிக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, வளையம் தெரியுதா?"

"இல்லக்கா!" என்றாள் என் மனைவி, கண்ணை எடுக்காமல், நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில். "வளையம் இல்ல! நான் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்!"